மின்னூலின் கடைமடை

முக்கொம்பில் காவிரி இரண்டாகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே திருவரங்கத் தீவு. இவ்விடத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பவர் எவருக்கும் டெல்டாவின் அடிப்படை விதி ஒன்று விளங்கிவிடும்: வயல் ஓரிடத்தில், அதற்கான நீர் வேறோரிடத்தில். மேட்டூரில் கதவு திறக்கவேண்டும். முக்கொம்பில் நீர் உரிய பக்கம் திரும்பவேண்டும். கல்லணையில் பங்கீடு நடக்கவேண்டும். இத்தனையும் நடந்த பிறகே கடலோரத்துக் கடைமடை வயல் நனையும். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. அம்மரபு காக்கப்படாத ஆண்டுகளும் பல. அவ்வாண்டுகளில் கடைமடை உழவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஆயினும் காய்ந்தது அவர் வயல்தான்.

இன்றைய மின்னூல் வாசகரையும் நாம் இந்தக் கடைமடையில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் கவலை.

மின்னூல் என்பது ஒரு கோப்பு. ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் அது நம்முடையது. இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறக்கும், படிக்கலாம் என்பதுதான் அதைப்பற்றிய பொது நம்பிக்கை. எழுத்து மட்டுமே கொண்ட மின்னூலுக்கு இந்நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் நூலில் ஓர் ஒலிப்பதிவு வேண்டும், ஒரு காணொளி வேண்டும் என்றவுடன் நிலைமை மாறிவிடுகிறது. கோப்பு பெருத்துவிடும் என்று அஞ்சி, அந்த ஒலியையும் ஒளியையும் நூலுக்குள் வைக்காமல், எங்கோ ஒரு நிறுவனத்தின் வழங்கியில் ஏற்றிவிட்டு, அதன் முகவரியை மட்டும் நூலில் பதிக்கிறோம். வாசகர் அவ்விடத்தைத் தொட்டதும் கருவி அம்முகவரிக்கு ஓடி, அங்குள்ளதை எடுத்துவந்து காட்டுகிறது. எடுத்துவர ஒன்றும் இல்லாத நாளில் ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டுகிறது. நூலின் ஓர் உறுப்பு நூலுக்கு வெளியே வாழ்ந்திருக்கிறது. அது செத்தது நூலுக்கே தெரியாது.

இதில் எது நூலின் உறுப்பு, எது வெறும் வழிகாட்டல் என்று பிரித்தறிவது முதல் வேலை. 'மேலும் அறிய இங்கே செல்க' என்பது வழிகாட்டல்; அது அறுந்தாலும் நூல் நிற்கும். 'பின்வரும் பதிவைக் கேளுங்கள், அதில் மூன்றாவது அடி எவ்வாறு நீள்கிறது என்று கவனியுங்கள்' என்று எழுதிவிட்டு அப்பதிவை வெளியே வைப்பது வேறு. அங்கே சுட்டி அறுந்தால் வாதமே அறுந்துவிடுகிறது. திருவரங்கத்தின் அரையர் சேவையைப் பற்றி ஒரு மின்னூல் எழுதப்படுவதாக வைத்துக்கொள்வோம். பகல்பத்து, இராப்பத்து நாட்களில் பாசுரம் இசையாகவும் அபிநயமாகவும் நிகழும் அக்கலையை அச்செழுத்து பாதிதான் சொல்லும். மீதிப் பாதியை நூலுக்கு வெளியே ஒரு காணொளித் தளத்தில் விட்டுவைத்தால், அந்நூலின் பாதி வாடகை வீட்டில் குடியிருக்கிறது என்றுதான் பொருள். வீட்டுக்காரர் யார், எந்நாளில் காலிசெய்யச் சொல்வார் என்பது நூலாசிரியருக்கே தெரியாது.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று என்பது நம் எண்ணம். வழங்கியும் சுட்டியும்தான் புதியவை. நம் உரையாசிரியர்களின் பக்கங்களைப் புரட்டுவோம். இறையனார் களவியல் உரை முதற்சங்கத்து நூல்களாக முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று பெயர்களை அடுக்குகிறது. அப்பெயர்கள் நம்மிடம் உள்ளன; நூல்கள் இல்லை. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் தாம் அறிந்த இசை, நாடக நூல்களைப் பெயர்சொல்லிக் குறிக்கிறார். அவற்றுள் சில நமக்கு முழுமையாகவோ குறையாகவோ கிட்டின. பல கிட்டவே இல்லை.

மறுபுறம் வளையாபதியைப் பார்ப்போம். காப்பியம் தொலைந்துவிட்டது. ஆனால் உரைகளிலும் புறத்திரட்டிலும் அதன் செய்யுட்கள் முழுமையாக எடுத்தாளப்பட்டமையால் எழுபதை ஒட்டிய பாடல்கள் எஞ்சியுள்ளன. குண்டலகேசிக்கும் தகடூர் யாத்திரைக்கும் இதே கதைதான். முத்தொள்ளாயிரம் என்ற பெயருடைய நூலில் நூற்றுச் சொச்சம் வெண்பாக்களையாவது நாம் இன்று வகுப்பில் நடத்த முடிகிறதென்றால், அது புறத்திரட்டைத் தொகுத்தவர் செய்த உபகாரம். அவர் 'முத்தொள்ளாயிரத்துள் காண்க' என்று எழுதிவிட்டு நகரவில்லை. வெண்பாவையே எடுத்துத் தம் ஓலையில் எழுதிக்கொண்டார்.

பெயர் மட்டும் சொன்ன இடத்தில் பெயர் மட்டுமே எஞ்சியது. செய்யுளைத் தந்த இடத்தில் செய்யுள் எஞ்சியது. சுட்டிக்கும் உட்பொதிவுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நமக்கு எந்தக் கணினிக் கையேடும் சொல்லிவிடாது. உரையாசிரியர்கள் எதிர்காலத்தைக் கருதித்தான் இவ்வாறு செய்தார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. மேற்கோள் நூல் தம் மாணாக்கர் கையில் இருக்கும் என்று அவர்களால் எண்ணிக்கொள்ள இயலவில்லை. ஆகவே வேண்டியதைக் கையோடு கொடுத்தார்கள். இணையம் நமக்கு அளித்த வசதி, எல்லாம் எல்லோர் கையிலும் எப்போதும் இருக்கிறது என்ற மயக்கத்தையும் சேர்த்தே அளித்துவிட்டது.

அம்மயக்கம் கலைந்த தருணங்களை இணையத் தமிழர்கள் நன்கறிவார்கள். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலும் தமிழ்த் தளங்கள் பல ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. வாசகரின் கணினியில் அது இல்லாவிட்டால் தளத்திலிருந்தே இறங்கிக்கொள்ளும் இயங்கு எழுத்துரு முறையும் வழக்கிலிருந்தது. தளம் மூடப்பட்டபோது எழுத்துருவும் போயிற்று. சேமித்துவைத்த பக்கங்கள் பொருளற்ற குறிகளின் வரிசையாயின. எழுத்துரு என்பதும் வெளியே வைக்கப்பட்ட ஓர் உறுப்புதான் என்பதை அன்று பட்டு அறிந்தோம்.

பிறகு 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியது. உலகெங்கும் தனிமனிதர்கள் இலவசமாகக் கட்டிய எண்ணற்ற பக்கங்கள் அத்துடன் முடிந்தன. 2017இல் ஃபோட்டோபக்கெட் நிறுவனம் தன்னிடம் ஏற்றிய படங்களைப் பிற தளங்களில் காட்டுவதற்கு ஆண்டுக்கு 400 டாலரை ஒட்டிய கட்டணம் விதித்தது. கட்டாதவர்களின் வலைப்பதிவுகளில் படம் இருந்த இடங்களிலெல்லாம் கட்டண அறிவிப்பு தொங்கியது. படங்கள் அழியவில்லை, பிணையாக வைக்கப்பட்டன. 2020 டிசம்பரில் யாகூ குழுமங்களும் முற்றாக மூடப்பட்டன. மரத்தடி, ராயர் காபி கிளப் என்று நம் தலைமுறையின் இலக்கிய உரையாடல்கள் நடந்த திண்ணை அத்தகையதாக இருந்தது. அதே ஆண்டின் கடைசி நாளோடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷ் நுட்பத்திற்கான ஆதரவை நிறுத்த, அதில் செய்யப்பட்ட பாடங்களும் அசைபடங்களும் உலாவிகளில் ஓடாமற்போயின.

மூடப்படுவதைவிடக் கொடியது ஒன்றுண்டு, அது மாற்றப்படுவது. விட்.மீ என்றொரு காணொளித் தளம் 2017இல் மூடப்பட்டது. அதன் இணையப் பெயரை ஓர் ஆபாசத் தளம் வாங்கிக்கொண்டது. 2021 ஜூலையில், வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட புகழ்பெற்ற ஏடுகளின் பழைய செய்திப் பக்கங்களில் விட்.மீ காணொளி பதிக்கப்பட்டிருந்த கட்டங்களில் ஆபாசப் படங்கள் தோன்றின. அந்த ஏடுகள் தங்கள் பக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. முகவரி அதே முகவரி; குடியிருப்பவர்தான் வேறு. சிறுவர்க்கான ஒரு தமிழ் மின்னூலில் இது நேர்ந்தால் என்னாகும் என்பதைப் பெற்றோராக இருக்கும் வாசகர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

சுட்டிகள் சாகும் வேகம் அளக்கப்பட்டும் இருக்கிறது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப்பின் கிட்டவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் அறிவித்தது. கல்லூரியில் ஆய்வேடுகளைப் படிக்கக் கடமைப்பட்ட நமக்கு இது வியப்பளிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளில் உள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்தவர்கள் இதை அறிவர்.

இனித் தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய எடுத்துக்காட்டு. 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் பிற வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. பாடங்களின் ஓரத்தில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன; கைப்பேசியைக் காட்டினால் தீக்ஷா தளத்திலுள்ள காணொளி திறக்கும். நல்ல முயற்சிதான், அதை நாம் குறைசொல்லவில்லை. சிற்றூர்ப் பிள்ளையும் நல்ல விளக்கம் ஒன்றைக் காணமுடியும் என்பது சிறிய செய்தியன்று. ஆனால் கவனிக்கவேண்டியது இது: அச்சிட்ட பாடநூல் ஒரு வீட்டில் அண்ணனிடமிருந்து தங்கைக்குப் போகும், பழைய புத்தகக் கடையில் பத்தாண்டுக் காலம் கிடக்கும், நூலகத்தில் ஐம்பது ஆண்டுகள் இருக்கும். குறியீட்டுக்குப் பின்னால் உள்ள காணொளிக்கு அந்த ஆயுளை யாரும் உறுதிசெய்ய முடியாது. பாடத்திட்டம் மாறும், தளங்கள் மாறும், ஒப்பந்தங்கள் முடியும். 2060இல் தமிழ்க் கல்வி வரலாற்றை எழுதப்போகும் ஆய்வாளர் ஒருவர் இந்நூல்களை எடுத்துப் பார்க்கும்போது, பக்கந்தோறும் கருப்புவெள்ளைக் கட்டங்களைக் காண்பார். அவற்றின் பின்னால் என்ன கற்பிக்கப்பட்டது என்பது முதுநாரையைப் போலாகிவிடக்கூடாது. அரசின் கையிலுள்ள அக்காணொளிகளை ஆண்டுவாரியாகப் படியெடுத்து ஆவணக்காப்பகத்திலும் பெரிய நூலகங்களிலும் வைப்பது கடினமான காரியமன்று. வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான் வேண்டும்.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. முதலாவது, அளவு. காணொளிகளை உள்ளே வைத்தால் கோப்பு நூற்றுக்கணக்கான மெகாபைட்டாகும். கைப்பேசியில் படிப்பவர் தரவிறக்கவே மாட்டார் என்கிறார்கள். காணொளியைப் பொறுத்தவரை இது உண்மை. ஒலிக்கு இது பொருந்தாது. மனிதக் குரலை நொடிக்கு 32 கிலோபிட் என்ற அளவில் ஒற்றைத் தடத்தில் பதிந்தால் ஒருமணி நேரப் பேச்சு ஏறத்தாழ 14 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு முதியவரின் வாய்மொழி நினைவுகள், ஒரு தாலாட்டு, ஒரு கும்மிப்பாட்டு ஆகியவற்றை நூலுக்குள்ளேயே வைக்க இன்று எந்தத் தடையும் இல்லை. சோம்பலைத்தான் அளவின் பெயரால் மறைத்துவருகிறோம்.

இரண்டாவது, உரிமை. பிறருடைய பாடலையோ படத்தையோ உள்ளே வைக்க ஒப்புதல் வேண்டும். சுட்டி கொடுக்க வேண்டியதில்லை. இது நேர்மையான வாதம். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீளும் காப்புரிமைச் சட்டத்தை மதித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் ஒப்புதல் பெறமுடியாத ஒன்றின்மேல் நூலின் வாதத்தையே நிறுத்துவது அறிவுடைமையா என்று ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும். சுட்டியையே நம்பியாகவேண்டிய இடத்தில், அங்கே என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் வருணித்துவிடலாம். நல்ல வருணனைக்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். இலக்கியம் பயின்றவர்களுக்கு அது எட்டாத கலையுமன்று.

மூன்றாவது, இணைய ஆவணக்காப்பகம் எல்லாவற்றையும் சேமித்துவைத்திருக்கிறதே என்பது. அந்நிறுவனத்தின் பணிக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆயினும் 2024 அக்டோபரில் நிகழ்ந்த தாக்குதலால் அத்தளமே சில நாட்கள் முடங்கிக்கிடந்தது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதன் விலை என்ன என்பதை 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைக்கொண்டு நாம் அறிந்திருக்கவேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற ஈழத்து எண்ணிம முயற்சியின் பின்னால் அத்தீயின் நினைவு உண்டு. படிகள் பலவாகவும் இடங்கள் பலவாகவும் இருக்கவேண்டும் என்பதே அதன் பாடம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் இன்றும் படிக்கக்கிடைப்பதற்கும் இதுவே காரணம். அவற்றில் எழுத்து முழுமையாகக் கோப்புக்குள் இருந்தது. குறியேற்றம் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோது மாற்றிக்கொள்ள முடிந்தது. உள்ளே இருப்பதை மாற்றலாம். இல்லாததை எவ்வாறு மாற்றுவது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெளியே வைத்த ஒவ்வொரு படமும் ஒலியும், வாசகர் அதைத் திறக்கும்போதெல்லாம், எவ்விடத்திலிருந்து எந்நேரத்தில் திறந்தார் என்பதை அந்த வழங்கிக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. தனிமையில் படிப்பது என்ற பழைய சுகத்தை வாசகர் தாம் அறியாமலே இழக்கிறார். நூல் வாசகரைப் படிக்கவேண்டியதில்லை.

ஆகவே மின்னூல் செய்யும் நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். படங்கள் அனைத்தும் கோப்புக்குள் இருக்கட்டும். ஈபப் 3 வடிவத்தின் விதியும் அதுவே. அவ்விதி ஒலிக்கும் காணொளிக்கும் எழுத்துருவுக்கும் வெளியே இருக்க இடம் தருகிறது. அச்சலுகையை இயன்றவரை பயன்படுத்தாதிருப்போம். கட்டற்ற உரிமத்தில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன, அவற்றையே உட்பொதிக்கலாம். வாதத்திற்கு இன்றியமையாத ஒலியை உள்ளே வையுங்கள். காணொளியை வெளியே வைத்தே ஆகவேண்டுமென்றால், அதிலிருந்து ஓர் அசையாப் படம், பேசப்பட்டதன் முழு எழுத்துவடிவம், எடுத்தவர், இடம், நாள் ஆகிய நான்கும் நூலுக்குள் இருக்கட்டும். அதன் படியை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்து, அவ்விடங்களை நூலின் முகப்பில் குறியுங்கள். இவற்றைச் சரிபார்க்க எளிய சோதனை ஒன்று போதும். கைப்பேசியின் இணையத்தை முற்றிலும் அணைத்துவிட்டு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துப்பாருங்கள். எங்கே இடறுகிறதோ அங்கே நூல் இன்னும் முடியவில்லை.

இது ஏதோ நுட்பக்காரர்களின் பேச்சு, இலக்கியவாதிகளுக்கு இதில் என்ன என்று சிலர் கருதலாம். முக்கொம்பையே எடுத்துக்கொள்வோம். 1836இல் ஆர்தர் காட்டன் தொடங்கிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தின் பக்கம் 9 மதகுகள் இடிந்து வெள்ளத்தில் போயின. அருகில் கட்டப்பட்ட புதிய கதவணை 2022இல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. அந்த உடைப்பையும், மணல்மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டி நீரை மறிக்க நடந்த போராட்டத்தையும் செய்தித் தொலைக்காட்சிகளும் கரையில் நின்ற மக்களும் படம்பிடித்தார்கள். நாளை இவ்வூரின் வரலாற்றை, அல்லது அந்த இரவை மையமாகக்கொண்டு ஒரு நாவலை எழுத வருபவருக்கு அவைதாம் ஆதாரம். இன்றைக்கு அவற்றின் முகவரிகளை மட்டும் ஒரு மின்னூலில் தொகுத்துவிட்டு ஆவணப்படுத்திவிட்டோம் என்று நாம் நிறைவடைந்தால், அவருக்கு மிஞ்சப்போவது ஒரு பெயர்ப்பட்டியல்.

காவிரிக் கரையினர் ஆற்றை நம்பியதோடு நிற்கவில்லை. ஆறு வரும் நாளில் நிறைத்துக்கொள்ள ஊர்தோறும் குளம் வெட்டினார்கள். வாய்க்கால் வறண்ட நாளில் குளம் கைகொடுத்தது. இணையம் பெருக்கெடுத்து ஓடும் நாள் இது. வேண்டிய அனைத்தும் கிடைக்கிறது, கோப்பில் வைக்க இடமிருக்கிறது, அதற்கான நுட்பமும் கையில் இருக்கிறது. குளத்தை நிறைத்துக்கொள்ள ஏற்ற காலம் இதுவே.